பட்டன் பலகை கிர்ஸ்டன்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு ஜீவராசி உண்டு. பெயர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கையும் விரலும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்க, கத்தரிக்கோல் போட, ஸ்பூனைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக, சட்டையைத் தானே மாட்டிக்கொள்ளப் பழக்கிவிடுவது அதன் வேலை. நல்ல வேலைதான், புண்ணியமான வேலைதான், யார் இல்லையென்றது? நான் சொல்ல வந்தது அந்த வேலையில் மேலே மேலே ஏறியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்ட வகையைப் பற்றி. அதை அடையாளம் காண முகத்தைப் பார்க்காதீர்கள். காரின் டிக்கியைப் பாருங்கள்.

மினசோட்டாவின் வடகோடியில், வருஷத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஓர் ஊரில் வாழும் கிர்ஸ்டன் ஹாக்லண்டின் டிக்கியில் ஓர் ஊஞ்சல், காற்றடித்த பெரிய பந்து இரண்டு, ரப்பர் பிடி மாட்டிய பென்சில் நானூறு, பிசைந்து விளையாடும் களிமண் டப்பாக்கள், விரல் விட்டு அளைவதற்கு ஒரு தொட்டி அரிசி, எல்லாவற்றுக்கும் மேலே பச்சைக் குழந்தையைப் போலத் துணி சுற்றிக் கிடத்திய ஒரு பட்டன் பலகை, அதாவது பிள்ளைகள் பட்டன் போட்டுப் பழகும் பலகை. ஸ்டெப்னி டயருக்கு இடமில்லை. ஒருமுறை நெடுஞ்சாலையில் பஞ்சரானபோது, பழுது பார்க்க ஆள் வரும்வரை அந்தப் பந்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக.

அவளுக்கு ஐந்து பள்ளிக்கூடங்கள். ஒன்றில் துடைப்பங்கள் வைக்கும் அறையில் வகுப்பு. இன்னொன்றில் சாப்பாட்டுக் கூடத்து மேடையில், திரைக்குப் பின்னால். திரைக்கு இந்தப் பக்கம் இருநூறு பிள்ளைகள் பீட்சா தின்னும். மூன்றாவதில் நடைபாதை. மற்ற இரண்டைக் கேட்காதீர்கள். கழுத்து நாடாவில் ஒரு பெரிய வளையம், அதில் இருபத்து மூன்று சாவிகள். அவற்றில் ஒன்றாவது அவளுடைய அறைச் சாவியா என்றால், இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்காவது பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வருவாள். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போயின. சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டாயிற்று. மாட்டச் சுவர் ஏது? அவையும் டிக்கியில்.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. "எண்பது சதவீதம், அஞ்சுக்கு நாலு தடவை." பிள்ளை எதைக் கற்றாலும் அதை எண்ணி, கடிகாரம் வைத்து, கோடு போட்டுக் காட்டினால்தான் கற்றதாகக் கணக்கு. வீட்டிலும் விடுவதில்லை. கணவன் டேல் சாப்பிட உட்கார்ந்தால் இவள் கண் அவன் முள்கரண்டி மேலேயே இருக்கும்.

"டேல், தோள்! தோளை இறக்கு."

"அடிப்போடி, நான் உருளைக்கிழங்கு தின்னுறேன். விமானமா ஓட்டுறேன்?"

"குப்பையை வெளிய வச்சியா?"

"அஞ்சுக்கு நாலு தடவை வச்சாச்சு. பாஸ் போட்டுடு."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பதவி காலியானது. சுற்றுவட்டாரத்து ஆறு ஊர்ப் பள்ளிகளுக்கும் தலைமைத் தெரபிஸ்ட். அந்தப் பதவியோடு ஓர் அறை வரும். கதவுள்ள அறை. ஜன்னல் கூட உண்டாம். ஒன்பது வருஷம் துடைப்பத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஆளைத் தேர்ந்தெடுக்கப்போகும் மேலதிகாரி பாம் ஸ்டாட்லர், வியாழக்கிழமை ஓபல் லாத்தி என்ற பிள்ளையின் முன்னேற்றத்தைப் பேசும் வருடாந்தர மீட்டிங்குக்குத் தானே நேரில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஓபல் மூன்றாம் வகுப்பு. விரல்களில் வலு இல்லாத பிள்ளை. கிர்ஸ்டனின் கடைச்சரக்கிலேயே அவள்தான் முதல்தரம். செப்டம்பரில் பட்டன் பலகையில் இரண்டு பட்டன் போட நாலு நிமிஷம். பிப்ரவரியில் ஐந்து பட்டன், முப்பத்தெட்டு விநாடி. தொண்ணூற்றிரண்டு சதவீதம்! கிர்ஸ்டன் அந்த வரைபடத்தை மூன்று வண்ணத்தில் அச்சிட்டாள்.

மீட்டிங் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் நடந்தது. முட்டி மோவாயில் இடிக்க எட்டுப் பெரியவர்கள். முதலில் பிள்ளையின் நல்ல குணங்களைச் சொல்லும் சடங்கு. "இனிமையான பிள்ளை." "ஆமாம், ரொம்ப இனிமையான பிள்ளை." அப்புறம் வரைபடம். பாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"பிரமாதம். மீதி எட்டு சதவீதம் என்ன ஆச்சு?"

"மார்ச்சுக்குள்ள புடிச்சிடலாம், பாம்."

அறைச் சாவி கையில் விழுந்த சத்தமே கிர்ஸ்டனுக்குக் கேட்டுவிட்டது. அப்போதுதான் பிள்ளையின் அம்மா ஷானன், பெட்ரோல் பங்க் சீருடையோடு வேலையிலிருந்து ஓடிவந்தவள், மெல்ல வாயைத் திறந்தாள்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ஓபல் கோட்டுல பட்டனே கிடையாதே. ஜிப்புல்ல வச்சிருக்கு?"

ஒன்பது வருஷ அனுபவமும் பத்துப் பன்னிரண்டு சான்றிதழும் இருந்தும், அந்தக் கோட்டை ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை அம்மணிக்கு.

வெளியே இடைவேளை மணி அடித்துச் சில நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு சட்டம். கோட்டு மூடி, பனிக்காற்சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டியவர்களுக்குத்தான் பனிமேடு, சறுக்குப் பலகை எல்லாம். மாட்டாதவர்கள் தார்த்தளத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தக் கோட்டைப் பார்த்துவிடக் கிர்ஸ்டன் கதவைத் திறந்தாள். நடைபாதை காலி. தரையில் ஓபல் மட்டும் உட்கார்ந்து கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜிப்பை அடியில் கோத்துவிட்டாள். மேலே இழுக்கிற தகடுதான் முறிந்து, ஓட்டையோடு ஒரு துணுக்கு மட்டும் மிச்சம். விரல் வழுக்கியது. பக்கத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா மாக்கி, கழுத்தில் விசிலோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரமா இப்படி?" என்றாள் கிர்ஸ்டன்.

"நேரமா? டிசம்பர்லேருந்துன்னு கேளு. தினம் இருபது நிமிஷமும் இதுலயே போயிடும். ஒரு நாளாவது மேட்டுல ஏறியிருக்கும்னு நினைக்கிறியா இந்தப் புள்ள?"

"நீங்க ஒரு இழு இழுத்து விட்டிருக்கலாமே!"

வெர்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "நீ குடுத்ததுதான் கண்ணு, நல்லாப் படி. பெரியவங்க யாரும் கை குடுக்கக் கூடாது, தன்னம்பிக்கை வளரணும். கீழ உன் கையெழுத்து, பின்னாடியே ஒரு முழ நீளத்துக்கு எழுத்து. இத்தனை படிச்சவ சொன்னா நான் மீறுவேனா? மனசு கேக்காமத்தான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்."

ஓபல் நிமிர்ந்தாள். கிர்ஸ்டன் கையில் வழக்கம்போல் நிறுத்துக் கடிகாரம்.

"டைம் பாக்குறீங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

கிர்ஸ்டனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் பாம் குறிப்பேட்டோடு வந்து நிற்பதும் தெரிந்தது. ஜிப் அடுத்த வருஷத் திட்டத்தில் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி பத்திரம். அப்படிச் சொல்லத் தெரியாதவளா அவள்? வாய்வரை வந்தும்விட்டது. விழுங்கிவிட்டு மண்டியிட்டாள். கழுத்து நாடாவிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். இருபத்து மூன்று சாவிகளும் கலகலவென்று தரையில் சிதறின. வளையத்தை அந்தத் துணுக்கின் ஓட்டையில் மாட்டினாள்.

"விரலை விட்டு இழுடா செல்லம்."

ஓபல் விரலை விட்டாள், இழுத்தாள். ஜிப் மோவாய்வரை ஏறியது. அவ்வளவுதான். பிள்ளை எழுந்து ஓடியே போய்விட்டது. நன்றி சொல்ல நேரம் ஏது, இன்னும் பதினோரு நிமிஷம்தானே இருக்கிறது! ஷானன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கிர்ஸ்டன் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தத் தொண்ணூற்றிரண்டை அடிச்சிடுங்க, பாம். சைபர்னு போடுங்க" என்றாள்.

"சைபரை வரைபடத்துல எப்படிக் காட்டுறது?" என்றாள் பாம், நிஜமாகவே கவலைப்பட்டு.

பதவி பக்கத்து ஊர்க்காரி ஒருத்திக்குப் போயிற்று. அவளிடம் தொண்ணூற்றாறு இருந்ததாம். கிர்ஸ்டன் இப்போதும் துடைப்ப அறையில்தான். ஆனால் புதுப் பிள்ளை வந்தால் முதலில் கொக்கியில் தொங்கும் கோட்டைப் போய்த் தடவிப் பார்க்கிறாள். திருந்திவிட்டாளா? இந்த இனம் அவ்வளவு லேசில் திருந்துமா? ஓபலுக்கு அவள் எழுதிய புதுத் திட்டத்தை வெர்னா எல்லோரிடமும் படித்துக் காட்டிச் சிரிக்கிறாள்: "பனிமேட்டில் சறுக்கல், நாளொன்றுக்கு ஆறு. வாரம் ஐந்துக்கு நாலு நாள்."

ஆமாம், முதல் நாள் அந்தப் பதினோரு நிமிஷத்தில் ஓபல் ஏழு தடவை சறுக்கினாள். எண்ணியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நல்லவேளை, நம் ஊரில் இந்த இனம் இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். மேலே பாம் ஸ்டாட்லர், "மீதி எட்டு சதவீதம் என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, நியாயமான கேள்விதான் என்று தலையை ஆட்டினீர்களே, அப்போது உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே இருந்தது, மேட்டிலா, தார்த்தளத்திலா?