கொடிமாடத்து வேலை

முரசநாட்டில் சூரியன் உதித்தால் மட்டும் பொழுது விடிந்துவிடாது. அரண்மனை முரசு முழங்கிய பிறகுதான் விடிந்ததாகக் கணக்கு. கடை திறக்க ஒரு முரசு, வரி கட்ட ஒரு முரசு, அரசர் தும்மினால் வாழ்த்துச் சொல்ல ஒரு முரசு. முரசில் சொல்லாத எதையும் சொன்னதாக அந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

அந்த நாட்டில் காது கேளாதவர்களும் இருந்தார்கள். அரசாங்கம் அவர்களைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கென்று தனியே ஒரு துறை இருந்தது. அதில் காது கேளாதவர் ஒருவர்கூட வேலை பார்க்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆட்கள்தான் துறைக்கு வேண்டியிருந்தார்கள்.

ஒருமுறை, கடற்கரைக் கொடிமாடத்தில் ஒரு பணியிடம் காலியானது. ஆற்றுவாயில் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும். மாடத்தின் மேலே நின்று அதைப் பார்த்து, எந்தப் பக்கம் வரலாம் என்று படகுகளுக்குக் கொடி காட்ட வேண்டும். கண்ணும் கையும் போதும், காதுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதனால் அந்த இடத்தைக் காது கேளாதவர்களுக்கு ஒதுக்குவதாக அரசர் பேரிடிவர்மர் ஆணையிட்டார். ஆணையை நாற்சந்திகளில் முரசறைந்து அறிவித்தார்கள்.

காது கேளாத ஒருவர்கூட வரவில்லை.

"ஆர்வமின்மை, அரசே," என்றார் அமைச்சர் வாகீசர். "நாம் வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை."

அரசர் யோசித்தார். "ஆர்வம் வரும்வரை உரக்க அடியுங்கள்."

இரண்டு முரசுகள் வந்தன. பிறகு நான்கு. கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன, மாடுகள் பால் மறுத்தன. காது கேளாதவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள்.

கடற்கரையில் முத்துநகை என்றொரு பெண் இருந்தாள். பிறந்ததிலிருந்து காது கேளாதவள். வீட்டில் எல்லாரும் அவளோடு கையால்தான் பேசுவார்கள். சிறு வயதிலிருந்தே கொடிமாடத்தைப் பார்த்துப் பார்த்து, கொடிகள் பேசுவது அவளுக்குத் தாய்மொழி போல ஆகியிருந்தது. அந்த வேலையைத் தவிர வேறெதையும் அவள் ஆசைப்பட்டதில்லை. முரசுச் செய்தியை அவளுடைய அக்கா பேச்சி ஓடிவந்து கையால் சொன்னாள்.

"ஏட்டி, உங்களுக்குத்தான் அந்த வேலையாம்! ஊரே கேட்டுட்டு நிக்கி."

"எங்களுக்குன்னா எங்க மூஞ்சிக்கு நேரா வந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று முத்துநகையின் கைகள் கேட்டன.

நேர்காணல் நாளில் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே திரைக்குப் பின்னால் நின்று ஒருவர் பெயர்களை அழைத்தார். அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மாலையில் அந்தக் கதவைப் பூட்டினார்கள். அவள் எழுந்து தன்னைச் சுட்டிக்காட்டினாள். காலையில் கொண்டுவந்து விட்டுப்போய், அப்போதுதான் திரும்பி வந்த பேச்சி கத்தினாள்.

"இவ காலையிலேருந்து இங்கனதானே இருக்கா!"

"இருப்பது வேறு, வருகை தருவது வேறு," என்றார் அதிகாரி. "மும்முறை அழைத்தோம். பதில் இல்லை. ஆகவே இவள் வரவில்லை."

"கூப்பிட்டது காதுல விழுந்தா இந்த வேலைக்கு ஏன்யா வரப்போறா?"

அதிகாரிக்கு இது புதிய கோணமாகப் பட்டது. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கூடியது. புதிய சட்டம் பிறந்தது. காது கேளாத ஒவ்வொருவரும் காது கேட்கும் ஒருவரைச் செவியாளராக அழைத்துவர வேண்டும். அரசுக் காரியங்களில் செவியாளர் கேட்பதே கேட்பு, செவியாளர் சொல்வதே சொல். காது கேளாதவர் தாமே எதைச் சொன்னாலும் அது செல்லாது. சட்டம் கம்பீரமாக முடிய வேண்டுமென்று அரசர் ஒரு வரியைத் தம் கையாலேயே சேர்த்தார். 'இதிலிருந்து இந்நாட்டில் எவருக்கும் விலக்கில்லை.'

பேச்சியின் புருஷன் கொம்பையா செவியாளராகப் போனான். மாமனார் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிடந்ததால் அவனுக்குக் கைப்பேச்சு அத்துப்படி. வாகீசர் கேள்வி கேட்டார். முத்துநகை கையால் பதில் சொன்னாள். கொம்பையா அதை வாயால் சொன்னான். அமைச்சர் கடைசிவரை கொம்பையாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடைக்காற்றில் திட்டு தெற்கே நகர்ந்தால்?"

முத்துநகையின் விரல்கள் அசைந்தன. "செவப்பு மேல, வெள்ளை கீழ," என்றான் கொம்பையா.

"என்ன தெளிவு! இவருக்குக் கொடியும் தெரிகிறது, கைப்பேச்சும் தெரிகிறது, காதும் கேட்கிறது. காது கேளாதோர் பணிக்கு இவரைவிடத் தகுதியானவர் யார்?"

"ஐயா, நான் சும்மா எங்க கொழுந்தியாளுக்கு..."

"அடக்கம் வேறு!" என்று ஆணையில் முத்திரை குத்தினார் வாகீசர்.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் பேச்சி.

"சொன்னேன்டி. நான் சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல மரியாதை கூடிக்கிட்டே போவுது."

முத்துநகை அவனைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து அவளே மாடத்தில் ஏறிக் கொடி காட்டினாள். கொம்பையா கீழே நிழலில் படுத்திருந்தான். படகுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஆய்வுக்கு வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்துப் பதறிப்போனார். மேலே காது கேளாத பெண்! ஆபத்து முரசு அடித்தால் என்ன ஆகும்? அவளுடைய நலன் கருதி, காது கேளாதோர் கொடிமாடத்தில் ஏறத் தடை வந்தது.

கொம்பையா ஏறினான். மறுநாளே இரண்டு படகுகள் மணலில் மோதின.

"செவப்பக் காட்டுறான், பச்சையக் காட்டுறான், கல்யாண வீட்டுத் தோரணமாட்டம் எல்லாத்தையும் ஒண்ணா காட்டுறான்!" என்று நனைந்த வலையோடு வந்து படகுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "அந்தப் புள்ளைய ஏத்திவிடுங்கய்யா!"

அரசவை மறுபடி கூடியது. கொடிகள்மேல்தான் குற்றம் என்று முடிவானது. மாடத்தைப் பிரித்து, அந்த மரத்திலேயே கடற்கரையில் ஒரு மாமுரசு செய்தார்கள். முத்துநகை மணலில் நின்று, ஒவ்வொரு படியாகக் கழற்றி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி தோளைத் தொட்டுக் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை.

திறப்பு விழாவில் மாமுரசின் தோலுக்கு ஒரு முழம் தள்ளி அரசருக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மல்லர்கள் அடித்தார்கள். அலைகள்கூடச் சற்றுத் தயங்கினாற்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அரசர் முகம் சுளித்து அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

மல்லர்கள் நிறுத்தவே இல்லை.

வைத்தியர்கள் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், புகை போட்டுப் பார்த்தார்கள். பலனில்லை. வாகீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டத்தின் கடைசி வரியை அவையில் படித்தார். எவருக்கும் விலக்கில்லை. அரசருக்குச் செவியாளராக அவரே முன்வந்தார். அந்த வாரமே, அரியணையில் இருக்கத் தகுதியானவர் யார் என்று பெரியவர்கள் ஆராய்ந்தார்கள். முன்மாதிரியாகக் கொடிமாடத்து நியமனம் இருந்தது.

"வாகீசருக்கு ஆட்சியும் தெரிகிறது, அரசரின் மனமும் தெரிகிறது, காதும் கேட்கிறது!"

அவையில் மும்முறை தம் பெயர் அழைக்கப்பட்டது பேரிடிவர்மருக்குத் தெரியவில்லை. வேறொருவர் அரியணையில் அமர்வதைப் பார்த்ததும், "நான் இங்கேதானே இருக்கிறேன்!" என்று கத்தினார்.

அவை அதிகாரி, அரியணையில் இருந்த அவருடைய செவியாளரிடம் பணிவாகச் சொன்னார். "இருப்பது வேறு, வருகை தருவது வேறு."

செவியாளர் அதை அவருக்குச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து, கொடிமாடம் இருந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேரிடிவர்மருக்கு முத்துநகை கைப்பேச்சு கற்றுக்கொடுத்திருந்தாள். செங்கோல் பிடித்துப் பழகிய மனிதரின் விரல்கள் எளிதில் வளையவில்லை. அன்றுதான் முதன்முறையாக ஒரு கேள்வியைக் கையாலேயே முழுதாகக் கேட்டு முடித்தார்.

"நமக்கெல்லாம் இந்த நாட்டில் என்ன வேலை இருக்கிறது?"

முத்துநகை ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், சந்தை முனையில், ஒருவன் முரசடித்து வாயை அகலத் திறந்து எதையோ அறிவித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம்.

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டன அவருடைய கைகள்.

"நமக்கு ஏதோ வேலை இருக்குதாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாருங்க," என்று கூட்டத்தைக் காட்டினாள். "நம்மளத் தவிர எல்லாரையும் கூப்பிட்டிருக்கானே."