மிளகாய் மில்லுக்கு ஓர் அக்கா

“வீட்ல அம்மி அரைக்கும்போது விரல் நசுங்கிருச்சுன்னு சொல்லு அஞ்சலை” என்றார் மில் முதலாளி பொன்னுதுரை, மூன்றாவது முறையாக.

ஆஸ்பத்திரி பெஞ்சில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க வீட்டு அம்மிக்கு பெல்ட்டு இல்ல தவுக்கே. உங்க மில்லுலதான் இருக்கு. அதுக்குக் கம்பி வலை போடுங்கன்னு மூணு வருஷமா கத்துறேன்.”

அதோடு விட்டாளா? விபத்து விவரம் எழுத வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம், “காஜா பெராங் ரோடு, பொன்னுதுரை மிளகா மில்லு, பெல்ட்டு” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

பொன்னுதுரை கெட்டவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் மட்டும் அவருக்கு ரத்தம் கொதிக்கும். வேலையாட்களுக்கு அடிபட்டால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். அதற்காக அவர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டினார். அடிபடாத மில்லுக்கு அது இறங்கும், அடிபடுகிற மில்லுக்கு ஏறும். முந்திய வருஷம் ருக்மணி ஏணியிலிருந்து விழுந்தாள், ஏறியது. போன வருஷம் நடராஜன் காலில் மல்லி மூட்டை விழுந்தது, மறுபடி ஏறியது. அஞ்சலையின் விரலும் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு என்று கடிதமே வந்துவிட்டது. அதைக் கட்டுவதற்கு மில்லைச் சாத்திவிடலாம்.

“மலாய் நாடே வெள்ளைக்காரன்கிட்டருந்து விடுபட்டு ரெண்டு வருஷமாச்சு. நான் மட்டும் இன்னும் இவனுங்களுக்குக் கப்பம் கட்டணுமா? ஒரு காசு கூடக் கட்ட மாட்டேன்” என்று மில் நடுவில் நின்று முழங்கினார். மிளகாய்த் தூளில் இரண்டு தும்மல் வந்து முழக்கத்தைக் கெடுத்தது.

நேரே கோர்ட்டு வாசலில் பெட்டிஷன் எழுதும் நல்லையாவிடம் போனார். நல்லையா பாலிசியைக் கண்ணுக்கருகில் பிடித்து வரி வரியாகப் படித்தார்.

“முதலாளி வீட்டோட இருக்கிற குடும்பத்து ஆளு தொழிலாளி இல்லைன்னு போட்டிருக்கான். அவங்களுக்கு அடிபட்டா கணக்குல வராது.”

“அப்ப அஞ்சலை எனக்கு அக்கா.”

“கூப்பிடுற அக்காவா, கூடப் பொறந்த அக்காவா?”

“பொறந்த அக்கா. டைப் அடிங்க.”

நல்லையா கண்ணாடியைக் கழற்றினார். “உங்க அப்பா கலியாணசுந்தரம் செத்து எட்டு மாசம்தான் ஆவுது. மில்லு இன்னும் அவர் பேர்ல இருக்கு. இப்பப் புதுச் சட்டம், மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு. இந்த நேரத்துல அக்காவைச் சேர்க்கிறீங்களே?”

“அது லேண்ட் ஆபீஸ், இது இன்சூரன்ஸ். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்படியே கேட்டாலும், பொய்னு சொல்லி ஒரு அபராதம் கட்டிட்டுப் போறேன்.”

அஞ்சலையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்தார். அவள் செட்டி கம்போங்காரி; பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழர்களின் குடியிருப்பு அது. வீட்டில் பேசுவது மலாய், மில்லில் கற்றது தமிழ், சண்டை போடுவது இரண்டிலும். முதலில் “தா மாவ், முடியாது” என்றாள். அக்கா விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, அக்காவா இருக்கேன். விரலுக்குக் காசும் வேணாம். ஆனா உங்க அப்பா பேரு போட்டு, சத்தியம் பண்ணி எழுதணும். ஒரு நகல் எனக்கு.”

இத்தனை மலிவாக ஓர் அக்கா கிடைப்பாள் என்று பொன்னுதுரை நினைக்கவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

வீட்டோடு இருக்கும் அக்கா என்றால் வீட்டில் இருக்க வேண்டுமே. தகரப் பெட்டியோடு வந்த அஞ்சலை முன்னறையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கலியாணசுந்தரத்தின் படத்துக்குப் பூ வைத்தாள்.

“அதெல்லாம் எதுக்கு?” என்றார் பொன்னுதுரை.

“அக்கா வேஷம் போட்டா முழுசாப் போடணும் தம்பி.”

தம்பி என்ற சொல்லோடு அவருடைய நிம்மதி போயிற்று. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வந்து நிற்கும்போது, “டேய் துரை, இன்னுமா பெல்ட்டுக்கு வலை போடல?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அக்காவை எதிர்த்துப் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வலை போட்டார். ஏணிக்குப் புதுப்படி போட்டார். மூட்டை இறக்க இரண்டாவது ஆள் வைத்தார். அவர் மனைவி சந்திரமதி வேறு, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கட்சி மாறிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் ராஜன் வந்தார். அவரும் செட்டி கம்போங்காரர்தான். பேசியது மலாய், நமக்காகத் தமிழில் தருகிறேன்.

சத்தியக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முன்னறையில் கால் நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த அஞ்சலையைப் பார்த்தார்.

“இவங்க உங்க கூடப் பொறந்த அக்கா?”

“ஆமா. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்” என்று மார்பைத் தட்டினார் பொன்னுதுரை.

“எங்க கோயில்ல பண்ணிடுங்க. நான் பைலை மூடிடுறேன்.”

எங்க கோயில் என்றால் பொய்யாத விநாயகர் கோயில். கடிதத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றுவழியாகப் போனவர் பொன்னுதுரை. இப்போது பின்வாங்கினால் மானம் போய்விடும். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு விறைப்பாக நடந்தார். அஞ்சலை அவரை முந்திப் போய் சன்னிதியில் நின்றாள்.

கற்பூரம் எரிந்தது. பொன்னுதுரை கையை நீட்டினார். கற்பூரத்தைத் தொடாமலே இழுத்துக்கொண்டார். கம்பெனிக்குப் பயப்படாத மனிதர், பெயரிலேயே பொய்யைப் பொறுக்காத பிள்ளையாரைப் பார்த்ததும் உடைந்துபோனார்.

“பொய் சொல்லிட்டேன் இன்ஸ்பெக்டர். பிரீமியத்தை ஏத்திக்கிங்க. இந்த அம்மா எனக்கு யாரும் இல்ல. அந்தக் கடுதாசிய கிழிச்சிடுங்க.”

அஞ்சலை தன் நகலைப் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, தலை மட்டும் குனியவில்லை.

ராஜன் கடிதத்தை மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

“நீங்க பொய் எதுவும் சொல்லல தவுக்கே. உங்க அப்பா இவங்க அம்மா மீனாச்சிக்கு இதே பிள்ளையார் முன்னாலதான் தாலி கட்டினாரு. கம்போங்குல எல்லாருக்கும் தெரியும், காகிதம்தான் இல்லாம இருந்துச்சு.”