பிள்ளையார் கோவிலுக்கே திரும்பி வந்த மாப்பிள்ளை

கடை திறக்க நல்ல நேரம் குறித்துக் கொடுக்க ஊருக்கு நாலு ஜோசியர் இருக்கிறார்கள். அதே கடையை மூட நல்ல நேரம் குறித்துக் கொடுக்க ஒருத்தர்கூடக் கிடையாது. இருந்திருந்தால் கள்ளக்குறிச்சியில் அவருக்கு நிரந்தர வாடிக்கை நான்தான்.

ஒரு தொழில் படுத்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியவரும். முதலில் காடை வளர்த்தேன். நோயில் போனது போக மீதியை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம். அப்புறம் காளான். எங்கள் ஊர் வெயிலில் காளான் வளர்ப்பதும் வாணலியில் காளான் வளர்ப்பதும் ஒன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்" என்றேன் நான். என் மனைவி செல்விக்கு இந்த "இன்னும் ஒரு" என்ற வார்த்தையைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். சாதாரண நாளில் "என்னாங்க" என்பவள், அன்றைக்கு "யோவ்" என்பாள்.

அப்புறம்தான் குதிரை வாங்கினேன்.

மாப்பிள்ளையைக் காரில் அழைத்துவரும் காலம் மலையேறிவிட்டது, இனிமேல் எல்லோரும் குதிரைதான் கேட்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (என் முட்டாள்தனம் எல்லாமே சொந்தத் தயாரிப்பு.) கடலூர்ப் பக்கம் போய் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பெயர் ராணி. "சினிமாவுலலாம் நடிச்ச குதுரைங்க. எவ்ளோ கூட்டம் இருந்தாலும் மெரளாது" என்றார் விற்றவர். அது மிரளாது என்பது சத்தியமான உண்மை. அதைத் தவிர வேறு உண்மை எதையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒத்திகை பார்க்காமல் இல்லை. தினமும் காலையில் ராணிமேல் ஏறி உட்கார்ந்து எங்கள் தெருவில் போவேன். தெருக்கோடி வரைக்கும் ஒழுங்காகப் போகும். அங்கே நின்று ஒரு மூச்சு விடும். பிறகு தானாகவே திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றுவிடும்.

"பாத்தியா செல்வி, இன்னா அறிவு! சொல்லாமலே வூட்டுக்கு வந்துருது பாரு" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

"ஆமா, அதுக்காவது இருக்குதே" என்றாள் செல்வி.

குதிரைக்கு முதல் சவாரியே சொந்தத்தில் அமைந்தது. செல்வியின் தம்பி குமரனுக்குக் கல்யாணம். பெண் வனிதாவுக்கு எலவனாசூர்கோட்டை. பெண் வீட்டார் வசதிக்காக அந்த ஊர் மண்டபத்திலேயே கல்யாணம் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலில் மாலை போட்டு, பேண்டு மேளத்தோடு மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்வலம்தான் கல்யாணத்தின் பாதி.

கிளம்புவதற்கு முன் செல்வி தீர்மானமாகச் சொன்னாள். "இதான் கடைசி. இதுல எதுனா ஆச்சு, குதுரைய வித்துட்டு எங்கப்பா கடைக்குப் போய்டணும்." அவள் அப்பாவுக்குச் சின்னசேலத்தில் உரக்கடை. யூரியா நாற்றத்தைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். நாள் முழுக்க மாமனார் சொல்லும் புத்திமதியைத் தாங்குகிற உடம்பு எனக்கில்லை.

குமரன் கோட்டு சூட்டு, ஆளுயர மாலையோடு ராணிமேல் ஏறினான். அவன் அதற்கு முன் ஏறிய பெரிய மிருகம் என்று பார்த்தால் அவன் அப்பாவின் புல்லட்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகையெல்லாம் கட்டிக்கொண்டு, ஏதோ நான்தான் கல்யாண மாப்பிள்ளை என்பதுபோல நடந்தேன். மேளம் பிளந்து கட்டியது. கொஞ்ச தூரத்தில் மண்டபத்து சீரியல் லைட்டும், ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களும் தெரிந்தார்கள்.

பாதி வழி வந்திருப்போம். ராணி நின்றது. ஒரு மூச்சு விட்டது. பிறகு ரொம்ப மரியாதையாக, யாரையும் இடிக்காமல், அப்படியே திரும்பிக் கோவிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

கயிற்றை இழுத்தேன். கயிறு என்னை இழுத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த மேளக்காரர்கள் இது எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டே மண்டபத்தை நோக்கிப் போனார்கள். மாப்பிள்ளை எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தான்.

"மாமா, இன்னா மாமா இது?" என்றான் குமரன் மேலிருந்து.

"ஒண்ணுமில்ல மாப்ள, சாமி கும்புட மறந்துட்டமாட்டம் இருக்குது" என்றேன்.

ராணி பிள்ளையார் கோவில் வாசலில் போய்ச் சமர்த்தாக நின்றது. மேளக்காரர்களைக் கூப்பிட்டு, மறுபடியும் கிளம்பினோம். அதே இடத்துக்கு வந்ததும் அதே மூச்சு, அதே திரும்பல். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாப்ள, பேசாம எறக்கி நடக்க வச்சு கூப்ட்டுக்கினு போய்டலாங்க" என்றார். புத்தியுள்ளவன் அங்கேயே விட்டிருப்பான். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"இன்னும் ஒரு வாட்டி மாமா!"

நான் மூன்றாம் முறை கிளம்பிய நேரத்தில் மண்டபத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் கண்ணுக்குத் திரும்புவது குதிரை என்று தெரியவில்லை, மாப்பிள்ளை வருவதும் திரும்பிப் போவதும்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அழைப்பு நேரத்தில் மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ கேட்கிறான், கொடுத்தால்தான் உள்ளே வருவான். ஒருத்தர் "சங்கிலி கேக்கறானாம்" என்றார். அடுத்தவர் "இல்ல, பைக்காம்" என்றார். அந்தப் பேச்சு சமையல்கட்டு வரை போய்த் திரும்பி வருவதற்குள் பைக்குக்குக் கம்பெனியும் கலரும்கூட முடிவாகிவிட்டது.

வனிதாவின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார். நாலு ஏக்கர் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டு மகளுக்குக் கல்யாணம் பண்ணுகிற மனுஷன். வந்தவர் என் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்மந்தி, சபையில மானத்த வாங்கிடாதீங்க. வண்டிதான? கரும்பு வெட்டினதும் எடுத்துத் தந்துடறேங்க. எம்பொண்ணு மணையில உக்காரட்டும்."

என் மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும், வண்டி என்றதும் அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். (செல்வியும் பார்த்தாள். பின்னால் வந்து அவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.)

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கல்யாணப் பெண்ணே நடந்து வந்துவிட்டாள். பாதி கட்டிய சடை, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி. பின்னால் அத்தைமார்கள், "அடியே, பொண்ணு வெளிய வரக் கூடாதுடி" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"அப்பா, கைய எடுப்பா மொதல்ல" என்றாள் வனிதா. பிறகு குமரனை அண்ணாந்து பார்த்தாள். "வண்டி கேட்டு பேரம் பேசற மாப்ள எனக்கு வாணாம். இப்பவே போய்டுங்க."

குமரன் அழாத குறை. "இன்னா வண்டிங்க? நானே இதுலருந்து எறங்கத் தெரியாம உக்காந்துக்கினு கீறேன்! ஒண்ணும் வாணாம், சத்தியமா வாணாம். யாராவது எறக்கி வுடுங்க போதும்!"

அவன் சொல்லி முடிக்கவும் ராணி அந்த மூச்சை விட்டுத் திரும்பவும் சரியாக இருந்தது. குமரன் எங்கள் கண்ணெதிரே மறுபடியும் பிள்ளையார் கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டான். வனிதா அதையே பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, இது பீச் குதுரைண்ணா! காலேஜ் டூர்ல ஏறியிருக்கேன். கொஞ்ச தூரம் போவும், ஏத்தன எடத்துலயே கொண்டாந்து எறக்கிடும். அடுத்த ஆளு ஏறணும்ல?"

கூட்டம் என்னைப் பார்த்தது. சினிமாக் குதிரை என்று அந்த வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் நான். பூமி பிளந்தால் தலைப்பாகையோடு உள்ளே போயிருப்பேன்.

குதிரையை மண்டபத்துக்கு வரவைக்க வழியும் வனிதாவே சொன்னாள். ஏற்றின இடத்துக்குத்தானே வரும்? அப்படியென்றால் குதிரையை லோடு வண்டியில் கொண்டுபோய், மாப்பிள்ளையை மண்டபத்து வாசலிலேயே ஏற்ற வேண்டியதுதான்!

"நல்ல காரியத்துக்கு வந்த குதுரைய லோடு வண்டியில ஏத்தறதா? இன்னும் ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"யோவ்! ஏத்துய்யா!" என்றாள் செல்வி.

ராணியைக் கொண்டுவந்த குட்டியானை வண்டி கோவிலுக்குப் பின்னால் நின்றது. (குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. நிஜ யானை வியாபாரம் மட்டும்தான் நான் இன்னும் செய்யவில்லை.) அதில் ராணியை ஏற்றினோம். விழாமல் பிடித்துக்கொள்ள மாப்பிள்ளையும் மாலையோடு பக்கத்தில் நின்றான். மண்டபத்து வாசலில் இறக்கி, குமரனை மறுபடி மேலே ஏற்றினோம். மேளம் அடித்தது. ராணி மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பியதும் அத்தைமார்கள், "அய்யய்யோ, மறுபடியும் போறான்டி!" என்று கத்தினார்கள்.

"பொறுங்க, திரும்பும்" என்றாள் வனிதா, ஜன்னலிலிருந்து.

கொஞ்ச தூரத்தில் ராணி நின்றது. மொத்த எலவனாசூர்கோட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராணி மட்டும் மூச்சு விட்டது. திரும்பியது. விசிலும் கைதட்டலும் வானத்தைப் பிளக்க, மேளம் பின்னாலிருந்து முன்னால் ஓடி வர, என் மச்சான் ராஜா மாதிரி மண்டபத்து வாசலில் வந்து இறங்கினான். வனிதாவின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் தலைப்பாகையை அவிழ்த்து அதையேதான் செய்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. என் தொழில்தான் அன்றோடு முடிந்தது. ஆளாளுக்குச் செல்போனில் எடுத்த வீடியோ உளுந்தூர்பேட்டை வரை ஓடியது. குதிரைக்கு விசாரித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் "நாங்க கார்லயே அழைச்சுக்கறோங்க" என்றார்கள். வெள்ளிமலையில் ஒருத்தர் குதிரையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். செல்வியும் நானும் ராணியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு, வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் கண்ணை மூடினால் யூரியா மூட்டைதான் தெரிந்தது.

அருவிக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். ராணி தண்ணீர் குடிக்கட்டும் என்று இறக்கிவிட்டேன். குளிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா, "என் பொண்ண ஒரு ரவுண்டு ஏத்துங்களேன்" என்றாள். ஏற்றினேன். ராணி கொஞ்ச தூரம் போனது, நின்றது, திரும்பியது, அம்மாவின் கையிலேயே குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தது. என் கண்ணெதிரில் அதற்குள் வரிசையே நின்றுவிட்டது. யாருமே "ஏன் திரும்புது?" என்று கேட்கவில்லை. திரும்பாவிட்டால்தான் பதறியிருப்பார்கள்.

நான் செல்வியைப் பார்த்தேன். வாயைத் திறக்கப் பயம். அவளே சொன்னாள், "இன்னும் ஒரு ரவுண்டு வேணா வுட்டுப் பாரு." எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

வாங்க இருந்தவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் எங்களுக்கு மலைதான். வெயில் ஏறினால் ராணிக்கு நிழலும் ஓய்வும். பக்கத்தில் செல்வி மரவள்ளிக் கிழங்கு வேகவைத்து விற்கிறாள். குதிரையைவிடக் கிழங்குக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. யாராவது "நல்ல ஐடியா சார்" என்று என்னைப் பாராட்டினால், "அவரு எங்க யோசிச்சாரு? குதுரை யோசிச்சுது" என்பாள். நான் மறுப்பதில்லை. வயிறு நிறைகிறது, தூக்கம் வருகிறது, வேறென்ன வேண்டும்?

போன தை மாதம் செல்வியின் சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் எழுந்து, "சீரு செனத்தி எல்லாம் பேசினபடிதாங்க. ஆனா எங்க பக்கம் ஒரே ஒரு கண்டிசன் இருக்குது" என்றார். சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாய்மாமன் நேராக என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"பெரிய மருமவன் கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணுங்க. ஆனா பஸ்லதான் வரணும்."

அப்படியேதான் போனேன். சாப்பாடு பிரமாதம்.