அலசல்காரரும் அவர் நாயின் காப்பீடும்

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தோடு பிறந்து, அதைச் சொல்லிக்கொண்டே வளர்ந்து, பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பித்து வந்த ஒரு மனித இனம் நம்மிடையே உலவுகிறது. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அலசல்காரர். துணி அலசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். துணியாவது ஒரு கட்டத்தில் கொடிக்குப் போகும்.

அலசல்காரர் மின்விசிறி வாங்க மாட்டார். மின்விசிறிகளைப் பற்றித் தெரிந்துகொள்வார். தர்மபுரியில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, கடைக்காரருக்கே தெரியாத குறைகளை அவருக்கு எடுத்துச் சொல்லி, "மழைக்காலத்துல வெல எறங்குமா?" என்று கேட்டுவிட்டு, வியர்க்க விறுவிறுக்க வெறுங்கையோடு வீடு திரும்புவார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எதையுமே வாங்காதவனை யாரால் ஏமாற்ற முடியும்?

இண்டூரில் விதைக்கடை வைத்திருக்கும் குப்புராஜ் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி. வேடிக்கை என்னவென்றால், கடையில் அவர் வேறு ஆள். தக்காளி விதை கேட்டு வருகிறவர் வாயைத் திறப்பதற்குள், "இதப் போடுங்க, நல்லா வரும்" என்று பொட்டலத்தைக் கையில் திணித்துவிடுவார். அடுத்தவர் தோட்டம்தானே!

அவர் வீட்டில் புரூனோ என்றொரு லாப்ரடார். மகள் காவியா ஆசையாக வாங்கி வந்து, அப்பா தலையில் கட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அதைப் 'பூரணம்' என்றுதான் கூப்பிடுவார். அதற்கும் அது வாலாட்டிக்கொண்டு போகும். இந்த நிலையில், தெரிந்தவர் ஒருவரின் நாய் தொப்பூர் கணவாயில் லாரியில் அடிபட்டு, வைத்தியம் பார்த்தே அவர் பாதி ஆளாகிவிட்டார் என்ற செய்தி வந்தது.

"அப்பா, நம்ம புரூனோவுக்கு இன்சூரன்ஸ் போட்டுருங்கப்பா. செத்தா பணம் தர்றது வேணாம், வைத்தியம் பாக்கறதாப் போடுங்க" என்று காவியா போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

போட்டிருக்கலாம். திட்டங்கள் மூன்றே மூன்றுதான். அடிமட்டத் திட்டத்தில், நாய் செத்தால் பணம். நடுமட்டத்தில் வைத்தியச் செலவும் உண்டு. மேல்மட்டத்தில், நாய் வேறு யாரையாவது கடித்துவைத்தால் அந்த நட்டத்தையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். பொம்மிடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஏஜெண்டு ராஜப்பன், ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட்டார்.

குப்புராஜ் அப்போதுதான் ஆரம்பித்தார்.

"ராஜப்பன், இதத் திருடன் புடிச்சிட்டுப் போறான்னு வைங்க. போற வழியில இது அவனக் கடிச்சிருது. நட்டம் எனக்கா, திருடனுக்கா?"

"ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று ராஜப்பன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அடுத்த முறை வந்தபோது, வாந்தி வியாதியில் சேருமா சாப்பாட்டில் சேருமா என்ற கேள்வி காத்திருந்தது. அதற்கடுத்த முறை, பல் வலி. தொப்பூர் புரோட்டாக் கடையில் லாரிக்காரர்களிடம் கருத்துக் கேட்டார் குப்புராஜ். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். மாம்பழம் வந்தது, போனது. குட்டியாக இருந்த புரூனோ, கதவை மறைத்துக்கொண்டு படுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"ஏங்க, என்னக் கட்டிக்கறப்பவும் இவ்ளோ கேள்வி கேட்டீங்களா?" என்றார் மனைவி தீர்த்தம்மாள்.

"கேட்டேன். உங்கப்பா இன்னும் பதில் சொல்லல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜப்பன் கடைசி முயற்சியாக வந்தார். அன்றைய சந்தேகம், கடி எவ்வளவு ஆழமாக இருந்தால் கடி என்பது. பொறுமையின் விளிம்பில் நின்ற ராஜப்பன், பேண்டை முழங்கால்வரை சுருட்டினார். "சார், இப்ப நாய் இங்க கடிக்குதுன்னு வைங்க" என்று கெண்டைக்காலைப் பட்பட்டென்று தட்டிக் காட்டினார்.

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரூனோ நினைத்திருக்க வேண்டும். வந்தது. கடித்தது.

"ஐயோ சார்!"

குப்புராஜ் பதறிக்கொண்டுதான் எழுந்தார். தண்ணீர் எடுக்கத்தான் ஓடினார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ராஜப்பன், 'வேறு யாரையாவது'ன்னு சொன்னீங்களே... ஏஜெண்டு வேற ஆளா, கம்பெனி ஆளா?"

"சார், ரத்தம் வருது சார்!"

"வருதுங்க, நானும் பாக்கறேன். ஆனா இது நல்ல கேள்விதான?"

தீர்த்தம்மாள் சோப்போடு வந்து ராஜப்பனின் காலைக் குழாயடியில் கழுவிவிட்டு, "மொதல்ல காரை எடுங்க!" என்று போட்ட சத்தத்தில் புரூனோ கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. குப்புராஜ் காரை விரட்டினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தீர்த்தம்மாள் சொன்னார்:

"அண்ணா, இப்பவே போட்டுருங்க. இந்த மனுசனைக் கேக்காதீங்க."

ராஜப்பன் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்து, ஓரிடத்தில் நின்றார். 'உங்கள் நாய் இதற்கு முன் யாரையாவது கடித்ததுண்டா?' என்று போனில் இருந்த விண்ணப்பம் கேட்டது. ராஜப்பன் தன் காலைப் பார்த்தார். குப்புராஜும் பார்த்தார்.

"உண்மையவே போடுங்க" என்றார் குப்புராஜ் தாழ்ந்த குரலில்.

"போட்டா மேல்மட்டம் கெடைக்காதுங்க சார். கடிச்ச நாய்க்கு அத எங்க கம்பெனி தராது."

அடிமட்டத்தை மகள் அன்றே வேண்டாம் என்றுவிட்டாள். மேல்மட்டத்தை நாயே கடித்துத் துப்பிவிட்டது. மிஞ்சியது நடு. மனிதர்கள் மாதக்கணக்கில் திணறிய முடிவைப் புரூனோ ஒரே கடியில் எடுத்துவிட்டது. தீர்த்தம்மாள் போனை வாங்கி ஒரு அழுத்து அழுத்தினார். முடிந்தது.

குப்புராஜின் முகம் செத்துவிட்டது. இனி அலச என்ன இருக்கிறது? கடிபட்ட ராஜப்பனுக்கே அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கவலப்படாதீங்க சார். புடிக்கலன்னா கொஞ்ச நாளுக்குள்ள ரத்து பண்ணிட்டு வேற கம்பெனி பாக்கலாங்க."

"வேற கம்பெனியா?" குப்புராஜ் பெஞ்சில் நகர்ந்து ராஜப்பனை ஒட்டி உட்கார்ந்தார். "எத்தன இருக்கு?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், ஓட்டலில் சாப்பாடு சொல்லலாம் என்று போனை எடுத்து, எல்லா ஓட்டலையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் தயிர்ச்சோறு தின்றுவிட்டுப் படுத்தது யார்? இதையே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, முதலில் கடைசி வரியை எட்டிப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வணக்கம். உங்களைப் பற்றித்தான் மேலே எழுதியிருக்கிறேன்.