முதல் வரி பூஜ்யம்

மனிதகுலம் உண்மையைத் தேடி அலைந்த நெடுங்காலம், அவளுடைய கணவர் காரின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வாங்கிவந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறைவடைந்தது.

பிரச்சினை சிறியதுதான். சிக்னலில் நின்றால் கார் நடுங்கியது. சில சமயம் அணைந்தும் போனது. மறுநாள் காலை அவள் அந்தக் காரில்தான் நேர்காணலுக்குப் போக வேண்டும். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைமைப் பதவி காலியாகியிருந்தது. இரண்டு முறை வீட்டுக்காக விட்டுக்கொடுத்த பதவி. மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிப்பார்த்தாள். கணவரோ தரக்கட்டுப்பாட்டு மேலாளர். 'தரவு' இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

தரவு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு, மனைவியையும் மகளையும் பின்னிருக்கையில் அமர்த்தி அவர் விளக்கவுரை ஆற்றினார். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். பிசகினால் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கும். கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். பூஜ்யம் என்றால் பூரண ஆரோக்கியம்.

ஸ்கேனர் திரையின் முதல் வரி பூஜ்யத்தை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? கார்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் உன் பிரமை."

"பிரமை இப்ப ஆஃப் ஆயிடுச்சுப்பா," என்றாள் மகள்.

இன்ஜின் நின்றிருந்தது. அவர் அதை 'விதிவிலக்கான நிகழ்வு' என்று வகைப்படுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருகினார்.

இத்தகைய மேதைமை ஒரு காரோடு அடங்குமா? மதியச் சாப்பாட்டின்போது அதைக் குடும்பத்துக்கும் விரிவுபடுத்தினார். இந்தக் கணத்தில் யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார். மகள் மென்றுகொண்டிருந்தாள். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். குறை பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டது.

அது உண்மைதான் என்பதுதான் அவளை உறுத்தியது. அந்தக் கணத்தில் அவளுக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. எப்போதிருந்து தோன்றவில்லை? கல்யாணமான புதிதில் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கு நின்றவள்தானே? சண்டை எப்போது தானே செய்துமுடிக்கும் வேலையாக மாறியது, வேலை எப்போது சுபாவமாக மாறியது என்று யோசித்துப்பார்த்தாள். தேதி ஏதும் பிடிபடவில்லை.

அவர் உறங்கியதும் ஸ்கேனரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். இன்ஜினை ஓடவிட்டாள். முதல் வரி பூஜ்யம். அதற்குக் கீழே அவர் பார்க்காத இரண்டாவது வரி: பிளஸ் இருபத்திரண்டு. முதல் வரி அந்த நேரத்துத் திருத்தம் என்றது கையேடு. அதே திருத்தம் நாள்தோறும் தேவைப்பட்டால் கம்ப்யூட்டர் அதை இரண்டாவது வரிக்கு மாற்றிப் பழக்கமாக்கிக்கொள்ளும். முதல் வரி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்தாள். ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அந்த வழியே காற்று 'உஸ்' என்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் கணக்கில் சேராத காற்று. அதற்கு ஈடாகத்தான் இவ்வளவு நாளும் கூடுதல் பெட்ரோல்.

அவரை எழுப்பிச் சொன்னாள். அவர் கண்ணைத் திறக்காமலே தீர்ப்பு வழங்கினார்.

"பழகிடுச்சுன்னு அதுவே சொல்லுதில்ல? பழகினதுல என்ன கோளாறு?"

அவள் மறுநாள் விடிந்ததும் டாக்ஸி பிடித்துக் கிளம்பினாள். வழக்கமாக எடுத்துவைக்கும் எதையும் எடுத்துவைக்கவில்லை.

நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதாம். தேய்த்த சட்டை ஒன்றுகூட இல்லையாம். பிரஷர் மாத்திரை வெள்ளையா, மஞ்சளா?

"திடீர்னு வீடே நின்னுபோச்சு," என்றார் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். "நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லாமத்தானே ஓடிச்சு?"

உள்ளேயிருந்து அவளை அழைத்தார்கள். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அது தானா ஓடலைங்க. நான் கூட்டிக் கூட்டி ஓட்டினேன். நீங்க முதல் வரியை மட்டும் படிச்சீங்க."