மாப்பிள்ளை காரின் பேட்டரியில் கொதித்த சாம்பார்

என்னிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் தலை ஆடிவிடும். கேட்டது என்ன என்பது பிறகுதான் மண்டைக்குள் போகும். அஞ்சாவது முடித்ததும் "படிச்சது போதுமாடா?" என்று அப்பா கேட்டார். ஆட்டினேன். என் படிப்பு முடிந்த கதை அதுதான். பேசக் கூச்சம், மறுக்கப் பயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு பெல்லட் அடுப்பு வாங்கினேன். மரத்தூளையும் கடலைத்தோலையும் அழுத்திச் செய்த சுண்டுவிரல் அளவுத் துண்டுகள்தான் பெல்லட். அடுப்பின் அடியில் ஒரு ஃபேன் காற்று ஊதும். ஊதுகிற வரை புகையில்லாமல், கேஸ் மாதிரி எரியும். ஃபேன் நின்றால் நெருப்பு படுத்துவிடும், புகை எழுந்துவிடும். கரண்ட் போனால் சமாளிக்க இன்வெர்ட்டர், தனி பேட்டரி, குட்டி ஜெனரேட்டர் என்று அதை விற்றவர் மூன்று வழி சொன்னார். மூன்றுக்கும் ஆட்டினேன். ஒன்றையும் வாங்கவில்லை. (கரண்ட் எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியம். என் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே தைரியம்.)

அப்போதுதான் தங்கச்சி மகள் பவானிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சதுரங்கப்பட்டினத்தில், கடல் பக்கம் ஒரு சின்ன மண்டபம். சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருப்பதால் விறகு கூடாது என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். நான் தாய்மாமன். சாப்பாடு என் சீர் என்றும், என் அடுப்பிலேயே சமைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். எதற்கும் ஒரு கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள் என் மனைவி. சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று தங்கச்சி முன்பே எச்சரித்திருந்தாள். பெண் பார்க்க வந்தபோது வாசலில் பூனை தெரிந்ததற்கே கால்மணி நேரம் வண்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம். அவர் சமையலறையை எட்டிப் பார்த்தபோது நான் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

சோறு வடித்தாயிற்று. சாம்பாரில் பருப்பு போட்டேன். கடல் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. எங்கோ கிளை ஒடிந்து கம்பியில் விழுந்த சத்தம். என் காலடியில் ஃபேன் பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது.

புகை கிளம்பியது. முறத்தால் விசிறினேன். அது நேராகக் கூடத்துக்குப் போய்ப் பட்டுப்புடவைகளை விசாரித்தது. நாலு பேர் இருமினார்கள். தங்கச்சி புருஷன் ஏழுமலை உள்ளே ஓடிவந்தார்.

"இன்னா மச்சான், சாப்பாடு போடப் போறியா, கொசு அடிக்கப் போறியா?"

முறத்தை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

மைக்செட்காரர் தாஸ்தான் காப்பாற்ற வந்தார். அவருடைய ஜெனரேட்டர் வேறொரு விசேஷத்துக்குப் போயிருந்தது. மண்டபத்தில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் யாரும் தண்ணி ஊற்றாமல் அதன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. தாஸ் யோசிக்கவே இல்லை. கார் பேட்டரி ஒன்றைக் கழற்றி இன்வெர்ட்டரில் மாட்டினால் உன் ஃபேன் சாயங்காலம் வரை ஓடும் என்றார். பின்பக்கம் கண்ணாடி இறக்கிவிட்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"அண்ணாத்த, அது நம்ம வூட்டு வண்டிதானே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சம். தலை ஆடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் ஊதியது. சாம்பார் கொதித்தது. பந்தியில் ஆட்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தாஸ் சாப்பிட்டுவிட்டு, காசு வாங்கிக்கொண்டு, வேறு விசேஷத்துக்குப் போய்விட்டார். கரண்ட் மட்டும் வரவில்லை. கூடத்தில் தட்டு மாற்றி முடித்ததும், காபிக்குப் பால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால ராகு காலம் பிறப்பதற்குள் மண்டபத்தை விட்டுப் புறப்பட வேண்டும் என்று பெரியம்மா அவசரப்படுத்துவது கேட்டது. எல்லாரும் பின்பக்கம் போனார்கள். எல்லாரும் அந்த வெள்ளைக் காரைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் ஏறினார்.

அப்படியானால் அது நம்ம வீட்டு வண்டி இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சாவியைத் திருகுகிறார், சத்தமே இல்லை. மறுபடி திருகுகிறார். பெரியம்மா மடியில் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார்.

"தட்டு வாங்கினு கெளம்பும்போதே வண்டி நிக்குது. வர்றப்ப நல்லாத்தானே வந்துச்சு? பொண்ணு ராசி இப்டி கீதே."

பவானி வாசப்படியில் நின்றிருந்தாள். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த பெண். இப்போது தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குள் மாப்பிள்ளை பானெட்டைத் திறந்துவிட்டார். பேட்டரியே இல்லை. திருட்டு என்றார் ஒருவர். போலீசைக் கூப்பிடலாமா என்றார் இன்னொருவர். நிச்சயத்தன்றே பொருள் தொலைவது அதைவிடக் கெட்ட சகுனம் என்றார் பெரியம்மா.

பின்னால் சுவர் ஏறிக் குதித்தால் சவுக்குத்தோப்பு. அதைத் தாண்டினால் கடல். இரண்டையும் நான் நினைக்காமல் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பேசுவதைவிட ஜெயில் தேவலை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பேட்டரியைக் கழற்ற வேண்டும். எனக்கு டார்ச் லைட்டில் செல் போடவே கை நடுங்கும். ரப்பரில் ஷாக் அடிக்காது என்று எங்கோ கேட்டிருந்தேன். என் ஹவாய் செருப்புகளைக் கழற்றிக் கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு ஒயர்களைப் பிடுங்கினேன். டப்பென்று ஒரு பொறி. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பால் மட்டும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. செத்தவனுக்குப் பால் வாசனை தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டு, பேட்டரியைக் குழந்தை மாதிரி மார்போடு தூக்கிக்கொண்டு வெளியே போனேன். மூஞ்சியெல்லாம் கரி. கையில் செருப்பு. காலில் ஒன்றுமில்லை.

கூட்டம் வழிவிட்டது. சொல்ல வேண்டியதை மனதில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"சாம்பார் கொதிக்கல. அதான்."

ஏழுமலை நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பு, ஃபேன், இன்வெர்ட்டர், தலையாட்டல் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். பெண் ராசியில் குறையில்லை, அவள் மாமன் மூளையில்தான் குறை என்றும் சொன்னேன். நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பெரியம்மா என் பக்கத்தில் வந்து பேட்டரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தச் சாம்பாரத்தான் நான் ரெண்டு வாட்டி ஊத்திக்கினேனா?"

"ஆமாங்க."

"எங்க வண்டி பேட்டரிலயா?"

"ஆமாங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் பிறந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை பேட்டரியை வாங்கி மாட்டக் கை நீட்டினார். பெரியம்மா தடுத்தார்.

"ராகு காலம் போற வரிக்கும் வண்டிய எடுக்க மாட்டோம். அதுக்கு இன்னாத்துக்கு பேட்டரி? உள்ள எடுத்துனு போப்பா. காபி போடு."

முதலில் சிரித்தது பவானி. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையே வந்து ஒயரை மாட்டிக் கொடுத்தார். எனக்குக் கை நடுங்குகிறது என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். பெரியம்மா சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

கல்யாணம் நடந்து, பவானியின் பிள்ளையும் இப்போது நடக்கிறது. என் மெஸ்ஸில் புது இன்வெர்ட்டர், பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர். (சிலிண்டர் மனைவியின் உத்தரவு.) ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் இதை நம்பத் தயாராயில்லை. பொத்தேரிப் பக்கம் வருவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை போன் செய்துவிடுவார்.

"மாமா, உங்க ஊர்ல கரண்ட் கீதா? நான் வண்டியில வரட்டா, பஸ்ஸுல வரட்டா?"