பதினேழு விநாடி டைட்டானியம்

வாத்தியம் வாசிப்பவர்கள், கேட்பவர்கள் என்று இரண்டே இனம்தான் உண்டு என நினைத்திருப்பீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது: வாத்தியத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பவர்.

கொல்கத்தாவின் டாக்குரியாவில் குடியிருக்கும் பேங்க் அதிகாரி குருபிரசாத் இந்த இனத்தில் அசல். அவருடைய எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்ன உலோகத் துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். வாங்கும்போது இருந்த துத்தநாகம் நாதத்தை விழுங்குகிறது என்று பித்தளை போட்டார், பித்தளை குழைகிறது என்று எஃகு போட்டார், எஃகு கத்துகிறது என்று மறுபடி பித்தளைக்கே வந்தார், ஒவ்வொரு முறையும் மின்விசிறியை நிறுத்தி, அடுப்பிலிருந்து குக்கரை இறக்கச் சொல்லி, ஒரே ஒரு கம்பியை மீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, அது அடங்கும்வரை விநாடி எண்ணினார். ஆறு வருடம். பாட்டா? அதற்கென்ன அவசரம்?

"வித்தியாசம் தெரியுதா?" என்பார் மனைவி விஜயாவிடம்.

"பசிக்குதுன்னு தெரியுது."

இந்த வருடம் துர்கா பூஜைக்குத் தெருப் பந்தலில் வாசிக்க, கூட வேலை பார்க்கும் பிரிட்டோ அவரை இழுத்துப்போனான். முந்தின வாரம்தான் டைட்டானியம் பிரிட்ஜ் ஏறியிருந்தது. பதினேழு விநாடி!

மேடையில் பிரிட்டோ தலையாட்டினான். குருபிரசாத் முதல் ஸ்வரத்தை மீட்டினார். கணீரென்று பந்தல் முழுக்கப் பரவியது. பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு...

"சார், பாட்டு," என்றான் பிரிட்டோ காதோரம்.

"இருப்பா. இன்னும் அடங்கலை."

முன்வரிசையிலிருந்து மேல்வீட்டு சர்க்கார் பாபு எழுந்தார். "மைக் நல்லா வேலை செய்யுது, அண்ணா. பாட்டை ஆரம்பிக்கலாமே," என்று வங்காளத்தில் அன்பாகச் சொன்னார்.

பந்தல் சிரித்தது. குருபிரசாத்துக்குக் காது சுட்டது. அடுத்த ஸ்வரத்துக்கு விரல் எங்கே போக வேண்டும்? மறந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆறு வருடமாக அங்கே போனதே இல்லை. மிச்சப் பாட்டைப் பிரிட்டோதான் கீபோர்டில் கரைசேர்த்தான்.

திரும்பும் வழியில் விஜயாவுக்கே பாவமாகிவிட்டது.

"தினம் அரை மணி வாசிங்க. தானா வந்துடும்."

"வாசிக்கலாம்," என்றார் அவர். "ஆனா பிரிட்ஜைப் பிடிச்சிருக்கிற திருகு இன்னும் சாதா இரும்புதானே."

சிரிக்கிறீர்கள். நல்லது. நடைப்பயிற்சிக்கு எந்த ஷூவின் ரப்பர் உசத்தி என்று மூன்று மாதமாக உட்கார்ந்த இடத்திலேயே ஆராய்ந்துகொண்டிருப்பவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை.